இரண்டு மேடும் ஒரு சிலுவையும்

அத்தியாயம் பதினேழு

விடிந்தும் விடியாததுமாக லாசர் கொல்லைப்புறத்தில் உளியோடு உட்கார்ந்துவிட்டார். நாளைக்குக் கல்லறைத் திருநாள். அதற்குள் சிலுவையில் பெயரைச் செதுக்கி முடித்தாக வேண்டும்.

சிலுவை என்றால் பிரமாதமான வேலை ஒன்றும் இல்லை. நாலடியில் ஒரு வேப்பஞ்சட்டம், குறுக்கே அதில் பாதி நீளத்தில் இன்னொன்று. இரண்டையும் பாதிக் கனத்துக்கு வெட்டி ஒன்றின்மேல் ஒன்றைப் படியவைத்து, மர முளை ஒன்றை அடித்தால் தீர்ந்தது. கையில் தெம்பிருக்கிறவன் அரை நாளில் முடித்துவிட்டு மத்தியானம் தூங்கப் போவான். லாசருக்கு ஒரு வாரமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. பெயர் செதுக்கும் இடத்துக்கு வந்ததும் உளி நின்றுவிடும். 'மார்' என்ற வரைக்கும் செதுக்குவார், அப்புறம் எழுந்து போய் அவரைப் பந்தலுக்குத் தண்ணீர் விடுவார். பந்தல் நனைந்து சொட்டும், சிலுவை அப்படியே கிடக்கும்.

மார்ட்டின் அவருடைய மூத்த மகன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியோடு வடக்கே போனவன், துளை போடுகிற இடத்தில் குழாய் சரிந்து விழுந்து, பெட்டியில் திரும்பி வந்தான். அவனை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டது லாசர்தான். திருச்செங்கோட்டில் ரிக் பட்டறையில் முப்பது வருடம் வெல்டிங் பிடித்த கை அது. மகனைப் புதைத்துவிட்டு வந்த அன்றிலிருந்து வெல்டிங் கம்பியைத் தொடுவதில்லை. இரும்பு வேண்டாம், மரம் போதும் என்று கொல்லையில் உட்கார்ந்துகொண்டார். உளியும் ரம்பமும் மட்டும் எதில் செய்ததாம்?

அன்றிலிருந்து வீட்டில் முக்காலி, பூந்தொட்டி வைக்கும் படி, மாதா படத்துக்கு ஒரு பலகை, கோழிக்கூண்டுக்குக் கதவு என்று ஏதாவது முளைத்துக்கொண்டே இருக்கிறது. "லாசரண்ணன் ஊட்டுல மனுசங்களை உட உக்கார்ற பலகைதான் சாஸ்தி" என்று தெருவில் கேலி பேசுவார்கள். கேலிதான் என்றாலும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. இருந்தவர்களில் இரண்டு பேர் போய் நாளையோடு ஒரு வருடம் ஆகப்போகிறது.

மருமகள் அக்சிலியாவும் பேத்தி மெர்லினும். இப்போது ஜேடர்பாளையத்தில், அக்சிலியாவின் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். மெர்லினுக்காக லாசர் செய்த குட்டி நாற்காலி பழைய சேலையால் மூடிக் கொல்லைத் தாழ்வாரத்தில் கிடக்கிறது. அவளைச் சுவரோடு முதுகு ஒட்ட நிற்கவைத்து அளவெடுத்துச் செய்தது. நாற்காலி முடிந்தபோது உட்கார ஆள் இல்லை.

சிலுவையின் கால் நேற்று வரை பெயின்ட் டப்பாவில், பழைய இன்ஜின் ஆயிலில் ஊறிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு முழத்துக்குக் கன்னங்கரேல் என்று ஆகியிருந்தது. பட்டறைப் பழக்கம் அது. மண்ணுக்குள் போகிற மரத்துக்கு இந்த எண்ணெயைக் காட்டிவிட்டால் கறையான் கிட்டே வராது. மேலே இருப்பதை வெயிலும் மழையும் தின்றாலும், கீழே இருக்கும் கட்டை வருடக் கணக்கில் அப்படியே கிடக்கும். காற்றில் சிலுவை திரும்பிவிடக் கூடாதென்று காலின் குறுக்கே ஒரு புளியங்கட்டை முளையும் அடிப்பார். மகனுக்கு முதல் சிலுவை செய்தபோதும் இப்படித்தான் செய்தார்.

"இன்னுமா முடியலைங்க?"

ஞானமேரி களைக்கொத்தோடு வந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். ஆடியில் விதை தூவி, வாளி வாளியாக வளர்த்த கோழிக்கொண்டை இப்போதுதான் சிவந்து நிற்கிறது. அத்தனையும் மகன் குழிக்கு. செண்டுமல்லி தனியாக இரண்டு வாளி. வீட்டு வாசலில் ஒரு செடி பூக்க விடமாட்டாள். பூக்கிறதெல்லாம் அவனுக்கு என்பாள்.

வேரில் மண் உதிராமல் செடிகளைச் சாக்கில் சுற்றத் தொடங்கினாள். லாசர் உளியைக் கீழே வைத்தார். ஒரு வாரமாக நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டிருந்ததை இப்போது கேட்டுவிட்டார்.

"மேரி, அக்சிலியாவுக்கு ஒரு போன் போடட்டுமா? நாளைக்கு மெர்லினக் கூட்டீட்டு வந்து அப்பன் குழியில ஒரு வத்தி கொளுத்தீட்டுப் போகட்டும்."

ஞானமேரியின் கை நின்றது.

"ஊரு சனம் பாக்கப் புருசன் குழிக்கு முன்னால மண்டி போட மாட்டேன்னு நின்னவளுக்கா?"

"எதுக்கு மாட்டேன்னா? நீ கேட்டியா?"

"என்ன கேக்கறது? வாயில வந்த சாக்கையெல்லாம் சொன்னா. மனசு வேற பக்கம் போயிருச்சு. அதானுங்க விசயம்."

போன வருடக் கல்லறைத் திருநாளன்று லாசர் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கல்லறையில் நடந்ததை மனைவி சொல்லித்தான் கேட்டார். ஊரே மெழுகுவர்த்தியோடு நிற்கையில் அக்சிலியா மட்டும் மாட்டேன் என்றாளாம். அவளுக்கு மறு கல்யாணத்துக்குப் பேசுகிறார்கள் என்று அதற்கு முன்பே யாரோ காதில் போட்டிருந்தார்கள். ஞானமேரி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். வீட்டுக்கு வந்ததும் மருமகளின் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டாள். லாசர் வீடு திரும்பியபோது குழந்தையின் பால் டம்ளர் மட்டும் அடுப்படியில் இருந்தது.

இந்த வருடமும் வரவில்லையென்றால் அந்தப் பிள்ளைக்குத் தாத்தா முகமே மறந்துவிடும். லாசருக்கு அந்தப் பயம் ராத்திரியும் பகலும் இருந்தது. வெளியே சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் நெஞ்சடைப்பு.

அப்போது சின்ன மகன் சேவியர்ராஜ் பல் துலக்கிக்கொண்டே கொல்லைக்கு வந்தான். குமாரபாளையத்தில் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். அண்ணி பேச்சு காதில் விழுந்ததும் அப்படியே உள்ளே திரும்பிவிடப் பார்த்தான்.

"டேய், இன்னைக்கு லீவு போடு. செடி, சிலுவை எல்லாம் ஏத்தோணும்" என்றார் லாசர்.

"எனக்கு ஷிப்ட் இருக்குதுங்கப்பா."

"உன்ற அண்ணன் குழிக்குத்தானே கூப்புடறேன்? மலை ஏறவா கூப்புட்டேன்?"

சேவியர்ராஜ் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். அரை மணி நேரத்தில் தெருமுனை ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். அதற்குள் லாசர் பெயரின் மீதி எழுத்துகளைச் செதுக்கி முடித்திருந்தார்.

*

கோயிலுக்குப் பின்னால், நாமக்கல் ரோட்டின் லாரிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது கல்லறைத் தோட்டம். சனங்கள் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தார்கள். வசதிப்பட்டவர்கள் சிமென்ட் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் மண்மேட்டில் களை பிடுங்கி, தண்ணீர் தெளித்து, மேட்டைக் கையால் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

லாசர் வாசலிலேயே தடுமாறி நின்றார். ஆபரேஷனுக்குப் பிறகு இங்கே வரவே இல்லை. உடம்பு ஒரு காரணம், மனசு இன்னொரு காரணம். அவருக்கு நினைவிருந்த தோட்டம் வேறு. மகன் மேட்டுக்குப் பக்கத்தில் சீமைக்கருவேல முள் அடர்ந்து கிடக்கும். இப்போது ஒரு முள் இல்லை. கண்ணுக்கெட்டியவரை வெட்டவெளி, அதில் வரிசை வரிசையாக மேடுகள்.

"எங்க மேரி?"

"போன வருசம் மிஷின் உட்டு முள்ளையெல்லாம் வாரிப்போட்டாங்க. இங்க வாங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டும் போவாள் போல, நேராகப் போனாள். அந்த மேடு மட்டும் தோட்டமாக இருந்தது. ஓரமெல்லாம் செங்கல்லைச் சரித்துப் பதித்து வரப்பு கட்டியிருந்தாள். நடுவில் செண்டுமல்லி, தலைமாட்டில் துளசி. முதல் வெள்ளிக்கிழமைதோறும் பூசை முடிந்ததும் இங்கே வந்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை.

ஞானமேரி சம்மணம் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். வெட்கமே கிடையாது. அவரைக்கொடி காய்த்தது, பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தது, அப்பாவுக்கு மூட்டு வலி வந்தது, ஒன்று விடாமல் மேட்டிடம் சொன்னாள். கை ஒரு பக்கம் கோரைப்புல்லை வேரோடு இழுத்துக்கொண்டிருந்தது. சேவியர்ராஜ் அதைக் கேட்க முடியாமல், குழாயடிக்குப் போகிறேன் என்று வாளியை எடுத்தான்.

நாலைந்து மேடு தள்ளி, மதில் ஓரமாக, சண்முகவேல் குழி வெட்டிக்கொண்டிருந்தார். கூலிக்கு வெட்டுகிறவர். சாயங்காலம் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் அடக்கம். சிமென்ட் பூசாத, கேட்பாரில்லாத பழைய மேடாகப் பார்த்து அதிலேயே மறுபடி புதைப்பது இங்கே வழக்கம். மனிதர்கள் பெருகுகிற அளவுக்கு நிலம் பெருகவில்லை, என்ன செய்வது?

லாசர் பழைய சிலுவையைப் பிடித்து அசைத்தார். பெயர் வெளுத்துப்போயிருந்தது. அசைத்த கையோடு அது பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இவ்வளவு லேசாக வரக் கூடாதே என்று காலைப் பார்த்தார்.

கால் கறுப்பாக இல்லை. கறையான் அரித்த பச்சைச் சட்டம். குறுக்கு முளையும் இல்லை. மேல்பாதி அவர் செய்ததுதான், சந்தேகமில்லை. கீழ்ப்பாதியை யாரோ வேறு கட்டையால் ஒட்டி, மூன்று இரும்பாணி அடித்திருந்தார்கள்.

"இதை ஆருடா அடிச்சது?"

வாளியோடு வந்த சேவியர்ராஜ் நின்றான். "நாந்தானுங்கப்பா. மிஷின் இடிச்சு ஒடைஞ்சுருச்சு."

"அப்ப அடிக்கட்டை?"

"மண்ணுக்குள்ள போயிருச்சு."

"மண்ணுக்குள்ள போனா இங்கதானே கெடக்கோணும்?"

லாசர் கடப்பாரையை எடுத்து, சிலுவை நின்ற பள்ளத்தில் குத்தினார். மண். பக்கத்தில் குத்தினார். மறுபடி மண். பத்து வருடம் ஆனாலும் மக்காத கட்டை ஒரு வருடத்தில் எங்கே போகும்? மண்டி போட்டுக் கையால் தோண்டினார். ஞானமேரி பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"என்னங்க பண்றீங்க? துளசி வேரு அறுந்துரும்!"

அவர் காதில் அது விழவில்லை. சின்ன மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சேவியர்ராஜின் கண் ஒரே ஒரு தடவை மதில் பக்கம் போய் வந்தது. அந்த நேரம் அங்கே சண்முகவேலின் மண்வெட்டி எதிலோ மோதி நங்கென்று கேட்டது.

"ஏதோ கட்டை கெடக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் அதைப் பெயர்த்து மேலே எறிந்தார்.

கன்னங்கரேல் என்று ஒரு முழக் கட்டை. குறுக்கே புளியங்கட்டை முளை.

"நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு லாசர் ஓடினார். ஆபரேஷன் செய்த வயிற்றைக் கையால் பிடித்தபடி, மேடுகளைத் தாண்டி ஓடினார். குழி முழங்கால் ஆழம்தான் ஆகியிருந்தது. அவர் அப்படியே அதற்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார். "வெட்டாதீங்க. இது என்ற பையன். இதுக்குக் கீழ என்ற பையன் இருக்கறான்."

சண்முகவேல் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

சேவியர்ராஜ் பின்னாலேயே வந்து நின்றான். அழுகையா, மூச்சிரைப்பா என்று தெரியவில்லை.

"மிஷின் போனதுக்கப்புறம் வந்து பாத்தனுங்கப்பா. மேடெல்லாம் ஒரே மட்டமாக் கெடந்துச்சு. சிலுவையெல்லாம் ஒடைச்சு ஒரு மூலையில குமிச்சு வெச்சிருந்தாங்க. நீங்க ஆஸ்பத்திரில. மறுநாள் திருநாள். அம்மா வந்து கேட்டா என்ன சொல்றதுன்னு, குத்துமதிப்பா ஒரு எடத்துல ஊனிப்போட்டேன்."

"குத்துமதிப்பா" என்றார் லாசர்.

"அண்ணி அன்னைக்கே சொல்லுச்சுங்க."

"என்னன்னு?"

"'இது இல்லீங்க அத்தை, அவரு செவுத்தோரம் இருக்கறாரு, குழாய்க்கு நேரா'ன்னு. அதான் இங்க மண்டி போட மாட்டேன்னுச்சு. அம்மா கத்துனாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலைங்க."

"பொட்டியத் தூக்கி வெளிய வெச்சப்ப?"

சேவியர்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அவனை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் அப்பனுக்கும் மகனுக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். லாசருக்குக் கை எழவில்லை. ஒரு குடும்பத்தை உடைக்க ஒருத்தன் பெரிய பாவம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பயந்துகொண்டு சும்மா நின்றால் போதும் என்று அவருக்கு அந்தக் குழிக்குள் உட்கார்ந்திருக்கையில் தோன்றியது.

ஞானமேரி மெல்ல நடந்து வந்தாள். கையில் இன்னும் ஒரு கோழிக்கொண்டைச் செடி. கணவர் மடியில் இருந்த கட்டையைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. முதல் சிலுவைக்கு எண்ணெய் ஊற வைத்தபோது, புது வாளியைப் பாழாக்கிவிட்டீர்களே என்று சண்டை பிடித்தவள் அவள்தான். கட்டையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். எண்ணெய் வாசம் இன்னும் இருந்தது.

பிறகு திரும்பி, பூத்துக் குலுங்குகிற அந்த இன்னொரு மேட்டைப் பார்த்தாள்.

"ஒரு வருசமா நான் ஆருகிட்டங்க பேசீட்டு இருந்தேன்?"

லாசர் கை நீட்டினார். அவள் பிடித்துக்கொள்ளவில்லை.

"இவங்கிட்ட ஒரு வார்த்தை பேசலைங்களே. தண்ணி ஊத்தலை. முள்ளு மொளச்சுக் கெடந்தானே. பக்கத்துலயே உக்காந்துட்டு இவனுக்கு முதுகைக் காட்டீட்டு இருந்திருக்கறனே." அவள் குரல் உயரவே இல்லை. கத்தி அழுதிருந்தால் லாசர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

சண்முகவேல் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"ஒரு பொண்ணு வருமுங்க. சின்னப் புள்ளையைக் கூட்டீட்டு. இந்த மேட்டுலதான் மெழுகுவத்தி கொளுத்தும். புல்லைப் புடுங்கீட்டு, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிரும். ஆடிக்கு அப்புறம் காணோமுங்க. சிலுவையும் இல்லை, பேரும் இல்லை, ஆளும் வர்றதில்லைன்னுதான் இதை வெட்டச் சொன்னாங்க."

அவர் காட்டிய இடத்தில், வெட்டாமல் விட்ட ஓரத்தில், மெழுகு உருகி மண்ணோடு இறுகிக் கிடந்தது. ஞானமேரி அதை நகத்தால் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஜேடர்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, இவர்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அக்சிலியா இங்கே வந்திருக்க வேண்டும்.

*

சாவு வீட்டுக்காரர்களுக்கு மற்றவர்களின் துக்கத்துக்காகக் காத்திருக்க நேரம் கிடையாது. சண்முகவேல் போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். நாலு மணிக்குப் பிணம் வந்துவிடும், வேறு குழி தயாராக வேண்டும். வெட்டிய மண்ணைத் திரும்பத் தள்ளி மேட்டை மூடிக் கொடுத்தார். மூடிய கையோடு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பூத்த மேட்டைக் காட்டிக் கேட்டார்:

"அப்படீன்னா அதுக்குத்தான் ஆளில்லீங்களா?"

கேட்டதில் தப்பில்லை. அவர் வேலை அது. ஆனால் லாசருக்குச் சுருக்கென்றது. ஞானமேரி வரப்புக் கட்டி, துளசி வைத்து, ஒரு வருடம் தன் நெஞ்சைக் கொட்டிய மண். அதில் யார் படுத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியவில்லை என்று இவர்கள் ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த நிமிடம் மண்வெட்டி அங்கே இறங்கும்.

"அதை வெட்ட வேண்டாம்" என்றாள் ஞானமேரி.

"ஆருதுன்னு சொல்லட்டுமுங்க?"

"ஆருதுன்னு எனக்குத் தெரியாது. தண்ணி ஊத்தறவ நானு. அது போதும்னு சொல்லுங்க."

சண்முகவேல் அவள் முகத்தைப் பார்த்தார். எதிர்ப்பேச்சுப் பேசாமல் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் வேறு இடம் பார்க்கப் போனார்.

சிலுவை இல்லாத மேட்டுக்கு இங்கே மதிப்பில்லை. லாசர் பழைய சிலுவையை மடியில் கிடத்தி, உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினார். 'மார்ட்டின்' என்ற பெயர் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. புதிதாகச் செதுக்க ஒரு வாரம் ஆன பெயர், எடுக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. பெயரில்லாத சிலுவையைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே ஊன்றினான் சேவியர்ராஜ். அம்மா அவனை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை.

"போனைப் போடுங்க" என்றாள் ஞானமேரி.

ஒரு வருடமாக அக்சிலியாவின் பெயரை வீட்டில் உச்சரிக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள். அந்த நம்பரை லாசர் அழிக்கவே இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்த நேரத்தில் குரல் வந்தது.

"மாமா? ஒடம்பு நல்லா இருக்குதுங்களா?"

"இருக்கறேன் சாமி. அவன் குழியக் கண்டுபுடிச்சுட்டோம். செவுத்தோரம். குழாய்க்கு நேரா."

ஞானமேரி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நாந்தான் புள்ள. நீ சொன்னது நெசம். நான் கேக்கலை. பொட்டியத் தூக்கி வெச்சது இந்தக் கைதான். நாளைக்கு வந்துரு. மெர்லினக் கூட்டீட்டு வா. நீதான் முதல் வத்தி கொளுத்தோணும். எல்லாத்துக்கும் முன்னால வெச்சு நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

"அத்தை, அதெல்லாம் வேண்டாமுங்க."

"கோவமா?"

"கோவம் இருந்துச்சுங்க. மாசா மாசம் வருவேன். வத்தி கொளுத்தீட்டு, நீங்க அந்தப் பக்கத்துல வெச்ச பூவைப் பாத்துட்டுப் போவேன். ஒரு நாளாச்சும் என்னை ஒருக்காக் கேப்பீங்கன்னு இருந்தேன். அப்புறம் அதுவும் போயிருச்சு."

"அப்ப வந்துரு சாமி."

"நாளைக்கு வர முடியாதுங்க அத்தை." அக்சிலியாவின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "நாளைக்குக் காலைப் பூசையில எனக்கு முதல் ஓலை வாசிக்கறாங்க."

ஞானமேரி அசையாமல் நின்றாள். கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் சொல்வார். போன வருடம் பொய்யாகக் காதில் விழுந்த பேச்சு, தான் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்ததாலேயே இன்றைக்கு மெய்யாகிவிட்டது.

"மெர்லின்?" என்று மட்டும் கேட்டாள்.

"அவங்களுக்கும் மொதத் தாரத்துல ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க. மெர்லின என்ன பண்றதுன்னு இன்னும் பேசி முடிக்கலைங்க." பின்னால் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. "வெச்சர்றேன் அத்தை. அவரு குழிக்குத் தண்ணி ஊத்துங்க."

போன் அடங்கிவிட்டது. கோயில் மணி ஒற்றை ஒற்றையாக அடிக்க ஆரம்பித்தது. வாசல் பக்கம் சண்முகவேலின் மண்வெட்டிச் சத்தம் வேகம் பிடித்தது.

தாழ்வாரத்தில் மூடிக் கிடக்கும் குட்டி நாற்காலி லாசருக்கு நினைவு வந்தது. ஒரு வருடத்தில் பிள்ளை வளர்ந்திருப்பாள். இனி உட்கார்ந்தாலும் கால் மடங்கித்தான் இருக்கும். புதுச் சிலுவையை எடுத்து மகன் மேட்டில் வைத்து மண்ணைத் தள்ளினார்.

ஞானமேரி உட்கார்ந்து, வெட்டுப்பட்ட மண்ணில் கோழிக்கொண்டையை நட்டாள். மண்ணை அழுத்தி அழுத்திவிட்டாள். மகனிடம் ஒன்றும் பேசவில்லை.

"மூணு ஓலை இருக்குதுங்கல்ல" என்றாள் திடீரென்று.

லாசர் நிமிர்ந்து பார்த்தார். பெட்டியைத் தூக்கி வெளியே வைத்த அன்றைக்கும் இதே முகமாகத்தான் இருந்திருப்பாள் என்று நினைத்தார்.

"மேரி, போய்த் தடை சொல்லப்போறியா? அந்தப் பொண்ணு வாழட்டும்."

அவள் மெழுகுத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"நேரா நிறுத்துங்க" என்றாள். "சிலுவை சாயுது."